வராத காய்ச்சலுக்கு ஆதாரம்

அரசாங்கச் சம்பளம் வாங்கும் எவரும் தாம் செய்த வேலைக்கு ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. நம் நர்ஸம்மாவுக்கும் இருக்கவில்லை. அவளிடம் இல்லாதது ஆதாரம் மட்டும்தான்.

அவள் வேலை அப்படி. தினமும் தெருத் தெருவாகப் போவாள். கேட்காமல் கொள்ளாமல் கொல்லைப்பக்கம் நுழைந்து, பழைய டயர், உடைந்த வாளி, பூந்தொட்டித் தட்டு என்று எதில் தண்ணீர் தேங்கி நின்றாலும் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். "கவிழ்த்தம்மா வர்றா, வாளியை உள்ள எடுத்து வை" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். திட்டும் வாங்குவாள். ஆனால் கொசுக்காய்ச்சல் எப்படி இருக்கும் என்பதே அந்தத் தெருக்காரர்களுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வருஷம் சுகாதாரத் துறையில் 'கண்ணுக்குத் தெரியும் சேவை' என்று ஒரு புது மோஸ்தர் வந்தது. சுகாதார அதிகாரி அதற்காகவே குளுகுளு அறையில் பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார். நர்ஸம்மாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரமும் சரியாக அப்போதுதான் வந்தது.

"உங்க பகுதியில போன வருஷம் எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"ஒருத்தருக்கும் இல்ல சார்" என்றாள் நர்ஸம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

அதிகாரியின் முகம் வாடியது. "ஒருத்தருக்குக்கூடவா? அப்போ வருஷம் பூரா என்னதாம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"காய்ச்சல் வராம பாத்துக்கிட்டேன் சார்."

"சரி. அந்த வராத காய்ச்சலுக்குப் போட்டோ இருக்கா?"

நர்ஸம்மா பையைத் துழாவினாள். "கவிழ்த்து வெச்ச வாளி போட்டோ இருக்கு சார்."

அதிகாரி அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல வாளிதாம்மா தெரியுது, சேவை தெரியலையே! பக்கத்துப் பகுதி சிஸ்டரைப் பாருங்க. வீட்டுக்கு வீடு காய்ச்சல். சோறு தண்ணி இல்லாம குளுக்கோஸ் ஏத்தறாங்க. ஒவ்வொரு போட்டோவையும் கண்ணுல ஒத்திக்கலாம். உங்க பகுதிக்கு நர்ஸே தேவையில்லைன்னு நான் எழுத வேண்டியிருக்கும்."

மனிதர் இரக்கமில்லாதவர் அல்ல. நேரில் வந்து பார்க்கும்வரை அவகாசம் கொடுத்தார்.

வீட்டில் ஒரே சம்பளம் நர்ஸம்மாவுடையது. அது நின்றால் அடுப்பு எரியாது. வரும் வழியில் அவள் பகுதித் தையல்கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இவ்வளவுதானா? காய்ச்சல்னு நாங்க படுத்துக்கறோம்."

"ஐயோ, வேணாம்ணே. பொய்யில்ல?"

"இத்தனை வருஷம் எங்களுக்காக நாயா அலைஞ்சிருக்க. உனக்காக ஒரு நாள் படுக்க மாட்டோமா?" என்றாள் தையல்காரர் மனைவி.

தெருவே முன்வந்தது. யார் முனகுவது, யார் நடுங்குவது என்று பிரித்துக்கொள்வதில் கொஞ்சம் மனஸ்தாபம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தம் தகுதிக்கு ஜன்னிக்குக் குறைந்த எதையும் ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அதிகாரி வந்த அன்று அவர் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் கால் கழன்றது.

"அற்புதம்! இதைத்தானே கேட்டேன்!" என்று அதிகாரி பூரித்துப்போனார். "இதை டைரக்டர் ஐயாவே வந்து பார்க்கணும்."

டைரக்டர் வருகிறார் என்றால் சும்மாவா? வரவேற்பு வளைவு வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள் வந்தன, தொட்டிக்கு அடியில் தட்டுகள் வந்தன, தட்டு நிரம்பத் தண்ணீர் ஊற்ற ஆளும் வந்தான். நோயாளிகளுக்கு ஒத்திகை நடத்தும் பொறுப்பு நர்ஸம்மாவுக்கு.

"சார், தட்டுல தண்ணி நிக்குது. ஒரு நிமிஷத்துல கவிழ்த்துட்டு வந்துடறேன்."

"செடி வாடினா யார் பதில் சொல்றது? அதெல்லாம் தடுப்பு வேலைம்மா. நாம இப்ப சிகிச்சைக் கட்டத்துக்கு உயர்ந்துட்டோம்."

அவளுக்குக் கை பரபரத்தது. ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்தது. கை அடங்கியது.

டைரக்டர் வருகை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒத்திகைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. தலைமை ஆசிரியர் நடிக்காமலே நடுங்கினார். தையல்காரர் மகளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

நர்ஸம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஈரத்துணி போட்டாள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினாள், ஆம்புலன்ஸுக்குச் சண்டை போட்டாள். "தப்புப் பண்ணிட்டேன்க்கா. என் கண் முன்னாலதான் தண்ணி நின்னுது" என்று குமுறினாள். தையல்காரர் மனைவி ஈரத்துணியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பிழிந்து போட்டாள். அது திட்டைவிட வலித்தது. அதிகாரியின் ஆள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தான்.

பெண் பிழைத்துக்கொண்டாள். விழாவும் நடந்தது. உட்கார முடிந்தவர்கள் உட்கார்ந்தும் முடியாதவர்கள் கட்டிலில் படுத்தும் கலந்துகொண்டார்கள்.

"இப்படிப்பட்ட சேவை ஒரு தெருவோட முடங்கிடக் கூடாது" என்றார் டைரக்டர். "டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு பகுதி. வருஷக்கணக்கா அங்க காய்ச்சலே கிடையாதாம்! ஒரு நர்ஸ் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டிருக்காங்க. அவங்களை அனுப்பிட்டு உங்களை நியமிக்கிறோம். இங்க செஞ்சதை அங்கயும் செஞ்சு காட்டுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தையல்காரரும் போர்வைக்குள்ளிருந்து தட்டினார்.

அந்த முகம் தெரியாத நர்ஸ் இந்நேரம் யார் வீட்டு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பாளோ என்று நர்ஸம்மா ஒரு கணம் நினைத்தாள். டைரக்டர் நீட்டிய நியமன ஆணையில் 'நிரந்தரம்' என்று போட்டிருந்தது. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். போட்டோவில் சிரிப்பு நன்றாக விழுந்திருந்தது.