அபிவிருத்தி அங்கிளின் பொதுக்கூட்டம்

இலங்கையை முன்னேற்றுவது எப்படி என்று யோசிக்க உலகத்தில் எத்தனையோ பேர் சம்பளம் வாங்குகிறார்கள். ஒரு பைசா வாங்காமல், நியூ ஜெர்சியில், நாற்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று அந்த வேலையைப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் அபிவிருத்தி அங்கிள்தான். நாம் வளர்ச்சி என்பதை அவர் ஊரில் அபிவிருத்தி என்பார்கள். அவர் வாயில் அந்தச் சொல் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். நாங்கள் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷனில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

நான் அவரிடம் மாட்டியது சமோசா ஆசையால். மனைவியும் மகளும் விசாவுக்காகக் கோயம்புத்தூரில் காத்திருந்தார்கள். நான் இங்கே தனிக்கட்டை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் 'பை' சொன்னால், திங்கட்கிழமை 'ஹாய்' சொல்லும்வரை வாய்க்கு வேலை கிடையாது. ஒரு சனிக்கிழமை காலை, மனித முகங்களைப் பார்க்கலாமே என்று நூலகத்துக்குப் போனேன். ஒரு கதவில் தமிழில் தாள் ஒட்டியிருந்தது: 'பொதுக்கூட்டம். சிற்றுண்டி உண்டு.' ஏதோ பொங்கல் விழாவாக்கும், ஒரு சமோசாவாவது கிடைக்கும் என்று உள்ளே நுழைந்தேன்.

"வாரும் தம்பி, இரும். கூட்டத்துக்கு ரெண்டு பேர் காணும், கோரம் சேர்ந்திட்டுது," என்றார், கோட்டு சூட்டில் தனியாக நின்றிருந்த பெரியவர்.

பத்தே நிமிடத்தில், யாழ்ப்பாணப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் செயலாளராகிவிட்டேன். ஏகமனதாக.

"அங்கிள், நான் கோயம்புத்தூர். மீன்கூட சாப்பிட மாட்டேன்."

"அது இன்னும் நல்லது. பக்கச்சார்பு இராது."

சிற்றுண்டி என்னவென்றால், நாற்பது மீன் ரோல்ஸ். எனக்கு ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

சங்கத்தின் தலைவர் அவரே, உபதலைவரும் அவரே. உபதலைவர் மறுப்புச் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போய், மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பேசுவார். ஒருமுறை இருவருக்கும் சண்டை முற்றி உபதலைவர் வெளிநடப்பு செய்துவிட்டார். தலைவர் இல்லாமல் கூட்டம் எப்படி நடக்கும்? நான்தான் கார் பார்க்கிங் வரை ஓடிப்போய், சமாதானம் பேசி, இருவரையும் கூட்டிவந்தேன். எந்தத் தீர்மானமானாலும் அவர் முன்மொழிய, நான் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லை என்றால் செல்லாது. அதில் மனுஷன் படு கறார்.

தீர்மானங்கள் எல்லாமே ஐஸ் பற்றியவை. அவர் ஊரில் ஐஸ் கிடையாதாம். பிடித்த மீனை வெயில் ஏறுவதற்குள் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டுமாம். ஓர் ஐஸ் தொழிற்சாலை வந்தால் ஊரே நிமிர்ந்துவிடும் என்று எட்டு வருஷச் சனிக்கிழமைகளை அதற்கே கொடுத்திருந்தார். இந்தியக் கடையில் மீன் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு, மறுகை வாட்சைப் பார்த்து, ஐஸ் உருகும் நேரத்தைக் குறிப்பார்.

"அங்கிள், மீன் வேணுமா வேணாமா? பின்னால லைன் நிக்குது," என்பாள் கடைக்காரப் பெண்.

"மீன் வேண்டாம் பிள்ளை. நான் ஐஸைத்தான் பாக்கிறன்."

ஒருவழியாகத் திட்டம் முடிந்தது. அதை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஊர் மாதர் சங்கத் தலைவியை வீடியோவில் பிடித்தோம். அங்கிள் அன்றைக்குப் புது டை கட்டியிருந்தார். பத்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டத்தை விளக்கினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"ஐயா, ஐஸ் அறை நாங்கள் கட்டி ரெண்டு வருசமாகுது. பொம்பிளையள் நாங்களே கூடிக் கதைச்சு, அரசாங்கக் கந்தோர் கந்தோரா நடந்து, மனுக் குடுத்துச் செய்விச்சனாங்கள். இப்ப மீனைக் கொழும்புக்கு நேர அனுப்புறம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அங்கிளின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சிரித்தார். "நல்ல விசயம் பிள்ளை. நல்ல விசயம்."

"வீட்டில அம்மா சுகமோ ஐயா?"

"சுகம், சுகம்."

அவள் அம்மா என்று கேட்டது அவர் மனைவியை. அவர் இறந்து எட்டு வருஷம். அதுகூட யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகன் டெக்சஸில் இருந்தான்.

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றார். "சங்கத்தின்ர நோக்கம் நிறைவேறிட்டுது. இனிச் சங்கத்தைக் கலைக்கிறதெண்டு முன்மொழியிறன்."

கலைத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை இவர் எங்கே போவார்? அதைவிட, நான் எங்கே போவேன்? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"தம்பி, வழிமொழியும்."

"மாட்டேன் அங்கிள்."

"ஏன்?"

"எனக்கு இஷ்டம் இல்ல. ரூல் நீங்க போட்டதுதானே."

அங்கிள் உட்கார்ந்து, 'தீர்மானம் தோல்வி' என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து, நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி: 'வேறு விடயங்கள்'. அதற்கு இதுவரை எங்களுக்கு வேலை வந்ததே இல்லை.

"அவ போனதும் ஒரு சனிக்கிழமைதான், தம்பி," என்று ஆரம்பித்தார்.

ரூமை அடுத்து புக் பண்ணியிருந்த யோகா குழு கதவைத் தட்டும்வரை பேசினார். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் குறிப்பெடுப்பது செயலாளரின் கடமை. நான் அன்று பேனாவைத் தொடவே இல்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.