நான் சேராத வேலைக்கு மாமா வைத்த ஃப்ளெக்ஸ்

மதுரைக்காரர்களின் முகம் ஆயுளில் ஒருமுறையாவது ஃப்ளெக்ஸில் ஏறியே தீரும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடும். ஒன்றும் கிடைக்காதவர்களுக்குக் கடைசியில் கண்ணீர் அஞ்சலியாவது நிச்சயம். என் முகமும் ஏறியது. எங்கள் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், பத்தடி உயரத்தில். ஒரே சிக்கல், அது நான் இன்னும் சேராத வேலைக்கு வைத்த ஃப்ளெக்ஸ்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம் முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்தான். (இந்த வரியை அப்பா தினம் ஒருமுறை சொல்வார். அம்மாவின் தம்பி ஜெயபாண்டி மாமா, ஆள் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார்.) அந்த வாரம் அதிசயமாக இரண்டு வேலைகள் ஒன்றாக வந்தன. ஒன்று, கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுவது. சம்பளம் சிறிது, ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வரும். இன்னொன்று, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பது. அதில் சம்பளமே கிடையாது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வெயில். இரண்டு இடத்திலும் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தக் கம்பெனி மேலாளரின் பேச்சைக் கேட்டதில்லை.

"இங்க உங்க சம்பளத்த நாங்க முடிவு பண்றதில்ல மேடம். நீங்கதான் முடிவு பண்றீங்க," என்றார் அவர்.

நான் அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஐம்பதாயிரம். போகப் போகக் கூட்டிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உறுத்தியது ஒன்றுதான். அன்று மதியம் எங்களுக்குச் செய்முறை விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் கம்பெனி மெஷினில் பிடித்த தண்ணீர், இன்னொன்றில் வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீர். ஒரு கறுப்புப் பெட்டியில் தொங்கும் கம்பிகளை இரண்டிலும் விட்டு, சுவிட்சைப் போட வேண்டும். ஒரு நிமிடத்தில் வீட்டுத் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சேறாகிவிடும். கம்பெனித் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். அப்போது நாம், "இதைத்தான் இத்தனை நாள் குடிச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். வீட்டில் பழகிப் பார்க்கச் சொல்லி ஒரு பெட்டியையும் ஒரு பாட்டில் கம்பெனித் தண்ணீரையும் கையில் கொடுத்தார்கள்.

ஏன் சேறாகிறது என்று நான் கேட்டேன். கரைவது கம்பியின் இரும்புதான் என்றும், தண்ணீரில் இயற்கையான உப்புச்சத்து இருந்தால்தான் கரண்டு பாயும் என்றும், எந்த நல்ல தண்ணீரும் இப்படித்தான் ஆகும் என்றும் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நல்ல கேள்வி மேடம். இத வாடிக்கையாளர் கேட்டா, அடுத்த வீட்டுக்குப் போயிருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் வீடு வரைக்கும் தொண்டையில் நின்றது.

மாமாவுக்குப் போன் செய்தேன். "மாசச் சம்பளம் கெடையாதாம் மாமா. வித்தாத்தேன் காசாம்."

"நம்ம வெள்ளாமை என்ன மாசச் சம்பளமா? வெளஞ்சாத்தேன் காசு. அதுல வளந்தவதான நீயி?"

"இன்னும் சேரலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தேன் இருக்கேன்."

"யோசி, யோசி," என்றார் மாமா. அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தேன். 'மதுரை மண்டல மேலாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி செல்வி கார்த்திகா பி.காம் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.' பதவி மாமா கொடுத்தது. தலை என்னுடையது, கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. கழுத்துக்குக் கீழே கோட்டு சூட்டு போட்ட வேறு யாரோ, காதில் செல்போனோடு. போன் பிடித்திருந்த கையில் நிறைய முடி இருந்தது. கீழே மூன்று வரிசையில் உறவுக்காரர்கள். கடைசிப் படத்தில் கூலிங் கிளாஸ் போட்ட கைக்குழந்தை ஒன்று என்னை வாழ்த்திக்கொண்டிருந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. டீக்கடைக்காரர், "மண்டலமே, டீ சாப்பிடுறீகளா?" என்று கேட்டபோது, மண்டலம் தலையை அசைத்து டீயும் வாங்கிக் குடித்தது. அதற்குப் பிறகு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஊரே வாழ்த்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டி. கல்லுப்பட்டியில் மாமாவின் கொழுந்தியாள் பஞ்சவர்ணம் அத்தைக்குப் புதுமனை புகுவிழா. பன்னிரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு. மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். "கம்பெனிப் பெட்டியையும் தூக்கிட்டு வா. புது வீடு, மெஷின் கட்டாயம் வேணும். வந்திருக்க சனம் அம்புட்டும் பாக்கும். ஒரே நாள்ல பத்து வித்துரலாம்."

இந்த ஒரு விளக்கத்தைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று நானும் பெட்டியோடு போனேன். மதியச் சாப்பாட்டின் முதல் பந்தி முடிந்ததும் கூடத்தில் மேசை போட்டு, இரண்டு டம்ளர் வைத்தேன். சுற்றிலும் அறுபது பேர். வீட்டுத் தண்ணீர் வேண்டுமே என்று திரும்பினேன். பூஜை அறை வாசலில் மாவிலை செருகிய பித்தளைக் குடம் பளபளவென்று இருந்தது. பார்வைக்கு எடுப்பாக இருக்குமே என்று அதிலிருந்து மொண்டேன்.

புது வீடு புகும்போது எங்கள் பக்கத்தில் அழகர்மலையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து வீடு முழுக்கத் தெளித்து, மிச்சத்தைக் குடத்தில் வைப்பார்கள். மாவிலை செருகிய குடம் என்றால் அதுதான் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மண்டல மேலாளருக்குத் தெரியவில்லை.

சுவிட்சைப் போட்டேன். மஞ்சள். பழுப்பு. பிறகு வண்டல் வண்டலாகச் சேறு. சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக, "இதைத்தான் இத்தனை நாள் குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

பஞ்சவர்ணம் அத்தை டம்ளரையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, அது அழகர் தீர்த்தமாச்சே," என்றார். "வீடு பூராம் தெளிச்சோமே. குடிபுகுந்த அன்னைக்கே இப்படிச் சேறாப் போச்சே. இந்த வீட்டுல எதுவோ ஆகாது போலருக்கே."

அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். ஒருவர், சோசியரைக் கேட்டுவிட்டுக் குடியேறலாம் என்றார். பன்னிரண்டு வருடம் காத்திருந்த வீட்டை என் இரண்டு கம்பிகள் ஒரு நிமிடத்தில் ஆகாத வீடாக்கிவிட்டன. தொண்டையில் நின்ற சிரிப்பு அப்போதுதான் என்னைச் சுட்டது. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தே, தீர்த்தத்துல ஒண்ணுமே இல்ல. இது கம்பியில இருக்க இரும்பு. கரண்டு பட்டதும் கரையுது. சத்தான தண்ணி எதுல விட்டாலும் இப்படித்தேன் ஆகும். நான் கொண்டாந்த தண்ணியில சத்தே இல்ல, அதேன் அப்படியே நிக்கிது. இது எனக்கு மொதல்லயே தெரியும்."

"என்னயத் தேத்துறதுக்குச் சொல்றத்தா."

நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. போர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கம்பியை விட்டேன். சேறு. ஊர்க் குழாய்த் தண்ணீர். சேறு. இளநீர். அதுவும் சேறு. கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளாளுக்கு டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். பந்தி பரிமாறியவர் ரசம் கொண்டுவந்தார். (ரசத்தில் மட்டும் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.) கடைசியாக அத்தையே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பாயசத்துலயும் விட்டுப் பாருத்தா," என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெஷின் ஒன்றுகூட விற்கவில்லை. நான் மாமாவைப் பார்க்கவே பயந்தேன். பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்த மனுசன். அவர் நேராகப் போய், பந்திக்கு ஆள் கூப்பிட வைத்திருந்த மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எம்மருமக இப்பத்தேன் ஒரு பெரிய வேலைய வேணாம்னு சொல்லியிருக்கு. அடுத்த பந்தி போட்டாச்சு, வாங்க."

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மைக்கில் கேட்டதும், சொல்லிவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது. அப்போது வந்த பெருமை, ஃப்ளெக்ஸைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரியது. இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், "அந்த ஃப்ளெக்ஸ எடுத்துருங்க மாமா," என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்? காலையில பாரு," என்றார்.

காலையில் பார்த்தேன். 'பொறுப்பேற்கும்' என்ற இடத்தில் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி, சிவப்பு மையில் மாமாவின் கையெழுத்து இருந்தது. 'மதுரை மண்டல மேலாளராகப் பொறுப்பேற்க மறுத்த எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி.' கூலிங் கிளாஸ் குழந்தை அதற்கும் வாழ்த்திக்கொண்டிருந்தது.

கீழமாசி வீதிக் கடையில் சேர்ந்தேன். இன்று அங்கே கணக்குப் பிரிவு மொத்தமும் என் பொறுப்பில். வீட்டில் யாராவது நம்ப முடியாததாக ஒன்று சொன்னால், "கம்பிய விட்டுப் பாப்பமா?" என்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர் தனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்றபோது, வந்திருந்த பஞ்சவர்ணம் அத்தைதான் முதலில் அதைக் கேட்டார். (மாப்பிள்ளை உடனே, "சிகரெட் மட்டும் எப்பவாச்சும்," என்று ஒப்புக்கொண்டார். அதனாலேயே அவரைக் கட்டிக்கொண்டேன்.)

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது மாமா வீட்டு வைக்கோல் படப்பின் மேல் கிடக்கிறது. சிவப்பு மை மழையில் பாதி ஓடிவிட்டது. தூக்கிப் போடச் சொன்னால் மாமா கேட்பதில்லை.

"வேலை கெடச்சவனுக்கு ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைக்கிறான்," என்பார் வருகிறவர்களிடம். "வேணாம்னு சொன்னவளுக்கு நாந்தேன் வச்சேன்."