மூன்றில் இரண்டு பங்கு லிஃப்ட்

சமத்துவத்தைப் போதித்தவர்கள் உலகில் பலர் உண்டு. பின்னம் கலந்த ஒரு கணிதச் சமனிலியைக் கொண்டு ஒரே மாலையில் அதை நிலைநாட்டிய பெருமை, நாவலூரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்தையே சாரும். நான் அதன் இணைச் செயலாளர்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறுவது சிலருக்கு 'அசௌகரிய'மாக இருந்தது. அதை அப்படியே சொன்னால் பாகுபாடு ஆகிவிடும். ஆகவே, மென்பொருள் துறையில் மேனேஜரான செயலாளர் ஆராவமுதன், வெள்ளைப் பலகையோடு கூட்டத்துக்கு வந்தார்.

"ஆளைப் பார்க்க வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். ஒருத்தர் இங்க தினம் போற வீடுகள் x. அஞ்சுலேர்ந்து x-ல மூணுல ரெண்டு பங்கைக் கழிச்சா, மூணுக்குக் குறையக் கூடாது. குறையாதவங்களுக்குத்தான் லிஃப்ட்."

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பின்னத்தைக் கண்டதும் சபையில் ஒரு பக்தி படர்ந்திருந்தது.

ஐந்தை வலப்பக்கம் தள்ளினார். இருபுறமும் மைனஸ் ஒன்றரையால் பெருக்கினார். 'x மூன்று அல்லது அதற்கு மேல்' என்று விடை எழுதினார். கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர் ரெபேக்காள் கையைத் தூக்கினார். "மைனஸால பெருக்கினா குறி திரும்பணும் சார்."

"நிறைவேறின தீர்மானம் திரும்பாது மேடம்."

மறுநாள் காலை, ஆறு வீடுகளில் வேலை செய்யும் எல்லம்மாள் ஜம்மென்று லிஃப்டில் மேலே போனார். எட்டாம் மாடிச் செயலாளரைக் காவலாளி ஜான்சன் மறித்தார்.

"எத்தினி வூட்டுக்குப் போவீங்க சார்?"

"ஒண்ணுக்குத்தான்."

"அப்ப படி அந்தாண்ட கீது."

எட்டு மாடி ஏறிய செயலாளர், மூச்சு வாங்கியபடியே அவசரக் கூட்டம் கூட்டினார். குறி திரும்பியது. இனி மூன்று வீடு வரை போகிறவர்களுக்கே லிஃப்ட்.

ஜான்சன் விஷயத்தைச் சொன்னதும் எல்லம்மாள் நேரே செயலாளர் வீட்டுக்கு வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"மூணு வூட்டுக்கு மேல போனா லிஃப்ட் கெடையாதாமே சார். அதான் மூணு வூட்ட வுட்டுட்டேன். உங்க வூடுதான் மொதல்ல."

"மீதி நேரம் என்ன பண்ணுவே?"

"எதிர் அபார்ட்மென்ட்ல கூப்ட்டுகினே கீறாங்க. அங்க கணக்குலாம் கெடையாது சார். லிஃப்ட் மட்டும் கீது."

மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். செயலாளர் இப்போது தம் வீட்டுப் பாத்திரங்களைத் தாமே தேய்க்கிறார், நன்றாகவே தேய்க்கிறார். ஆனாலும் சங்கத்தின் ஆராய்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் சமையலறை வரை வரலாம், எங்கள் பக்கத்தில் மட்டும் நிற்கக் கூடாது என்ற பழைய வழக்கத்துக்கு, 'இயற்கணிதம்' என்று இவ்வளவு மரியாதையான பெயரை இதுவரை யார் கண்டுபிடித்திருக்கிறார்கள்?