பழுது பார்ப்பவரை அழைக்கும் முன்

“ரெண்டு,” என்றாள் மனைவி. “வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்று தடையின்றிச் செல்ல வேண்டும். உடைந்த நாற்காலி, பழைய காகிதக் கட்டு, உடற்பயிற்சி மிதிவண்டி ஆகியவை இருப்பின் உடனே அகற்றவும்.”

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். ஒன்று முடிந்திருந்தது. ஏசியின் மூடியைத் திறந்து, பில்டரைக் கழற்றி, குளியலறையில் கழுவி, துடைத்து, திரும்ப மாட்டியிருந்தேன். அதிலிருந்து வந்த தூசியில் ஒரு தலையணை தைத்திருக்கலாம். பாதி என் மீசையில் இருந்தது.

“மிதிவண்டின்னே போட்டிருக்கா?”

“பின்னே, நானா சொல்றேன்?”

“நம்ம பால்கனியைப் பார்த்துட்டுப் போய் எழுதின மாதிரி இருக்கே.”

“எல்லார் வீட்டு பால்கனியும் அப்படித்தாங்க இருக்கும். கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?”

தெரியும்தான். மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அதை வாங்கிய நாளிலிருந்து அதன்மூலம் நான் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான்.

ஞாயிறு, காலை பதினோரு மணி. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. வெளியே இருக்கும் அதே வெயிலை உள்ளே வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் முடியாது என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. பொதுவாக வற்புறுத்துகிறவள்.

நான் முடியாது என்றதற்குக் காரணம் உண்டு. போன கோடையில் இதே ஏசி நின்றுபோனது. மெக்கானிக்கை வரவழைத்தேன். பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை அவன். அறையைச் சுற்றிப் பார்த்தான். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தட்டினான். ஏசி ஓடியது.

“சுவிட்ச் அணைஞ்சிருந்தது சார்,” என்றான்.

கூலி வாங்கியிருந்தாலாவது மன்னித்திருப்பேன். வேண்டாம் சார், இதுக்குப் போய் என்ன வாங்கறது என்று சொல்லிவிட்டு இறங்கினான். இறங்குகிற வழியில் கீழ்வீட்டுக்காரரிடம் நின்று பேசினான்.

கீழ்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சர்வேயர். முப்பத்தைந்து வருடம் நிலத்தை அளந்தவர், இப்போது மனிதர்களை அளக்கிறார். மறுநாள் காலை நான் படியிறங்கியபோது, “என்ன சுவிட்ச், ஆபீஸா?” என்றார். அன்றிலிருந்து கட்டடம் முழுவதும் எனக்கு அதுதான் பெயர். பால்காரன் சுவிட்ச் சார் என்கிறான். மூன்றாம் மாடிக் குழந்தைகள் சுவிட்ச் மாமா என்கின்றன. நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு வந்த எந்தக் கடித உறையிலும் இந்தப் பெயர் இல்லாதது கடவுள் செயல்.

எனவே இந்த முறை ஒரு முடிவு எடுத்திருந்தேன். கையேட்டில் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்ப்பது. மெக்கானிக்கின் நிழல்கூட இந்த வீட்டுப் படியில் விழக் கூடாது.

கையேடு கிடைத்தது. பன்னிரண்டு மொழிகளில் அச்சானது, நம் மொழிக்கு இரண்டே பக்கம். எழுத்துகள் எறும்பின் பிள்ளைகள் அளவு. பழுது பார்ப்பவரை அழைக்கும் முன் என்று தலைப்பு மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஊர்ந்தது. கண்ணாடியைத் தேடினேன். இரவு மேஜைமேல் வைத்த கண்ணாடி, காலையில் இல்லை.

அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன். இருபது வருடமாக என் கண்ணில் படாமல் ஒரு தப்பு அச்சேறியது கிடையாது. கண்ணாடி இல்லாவிட்டால் மட்டும் நான் ஒன்றுமில்லை.

“குடுங்க, நான் படிக்கறேன்,” என்றாள் மனைவி. “நீங்க செய்யுங்க. வீட்டிலுள்ள ஆண் ஒருவர் செய்வது பாதுகாப்பானதுன்னு மேலேயே போட்டிருக்கு.”

“அப்படியா?”

“தடியான எழுத்துல.”

அவள் நன்றாகப் படித்தாள். வீட்டுக்குக் கொண்டுவரும் புரூஃப்களை நான் இரவுகளில் சத்தமாக வாசித்துத்தான் திருத்துவேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். அச்சுக்கு உரிய மிடுக்கு அவள் குரலில் தானாக வந்தது.

மூன்றாவது, திரைச்சீலைகள். தூசி படிந்த திரை குளிரை உறிஞ்சும், கழற்றித் துவைத்துக் காயவைத்து மாட்டவும். கழற்றினேன், துவைத்தேன்.

நான்காவது, ஏசிக்குக் கீழே உள்ள மர அலமாரி. சுவரிலிருந்து ஒரு அடி நகர்த்தி, பின்புறம் துடைக்கவும். அலமாரிக்குப் பின்னால் மூன்று சீப்பு, ஒரு செருப்பு, எங்கள் திருமணத்துக்கு யாரோ கொடுத்த சுவர்க்கடிகாரம் ஆகியவை இருந்தன.

ஐந்தாவது, கதவு. முழுமையாக மூடாத கதவின் வழியே குளிர் கசியும், கீல்களுக்கு எண்ணெய் இட்டு, தேவைப்பட்டால் மேல்விளிம்பை இழைக்கவும்.

“இழைக்கணுமா? ஏசிக் கம்பெனிக்கு மரவேலை எதுக்கு?”

“வேணாம்னா விடுங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாம்.”

இழைத்தேன். இரண்டு மழைக்காலமாக முனகிய கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. சற்று நேரம் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். என்னிடம் இவ்வளவு திறமை இருப்பது யாருக்குத் தெரியும்?

ஆறாவது, சமையலறை விளக்கு. மினுக்கும் விளக்கு மின்னழுத்தத்தைக் குலைக்கும். மாற்றினேன். ஏழாவது, கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகள், காற்றோட்டம். இழுத்தேன். எட்டாவது, சாய்வு நாற்காலி.

“காற்று வரும் திசையில் சாய்வு நாற்காலி போடக் கூடாது. ஜன்னலோரம் மாற்றவும்.”

“அது என் நாற்காலி.”

“உங்க நாற்காலின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பொதுவாத்தான் போட்டிருக்கான்.”

நாற்காலி ஜன்னலோரம் போனது. அந்த இடத்தில் அவளுடைய தையல் மெஷினைத் தற்காலிகமாக வைத்தோம். இன்றுவரை தற்காலிகமாக இருக்கிறது.

ஒன்பதாவதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பிழை திருத்துபவன் அல்லவா.

“குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்தவும்,” என்று படித்தாள்.

“நில்லு. குழாய்க்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் புத்தகத்தைக் கொண்டா.”

கொண்டுவந்து நீட்டினாள். விரலால் ஒரு வரியைத் தொட்டும் காட்டினாள். கையைத் தூர நீட்டிப் பார்த்தேன், கிட்டே வைத்துப் பார்த்தேன். எறும்புகள் அணிவகுத்துப் போயின.

“ஈரப்பதம்னு ஏதோ போட்டிருக்குங்க. எனக்குப் புரியல. நீங்கதான் சொல்லணும்,” என்றாள்.

ஈரப்பதம் என்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. நானே அவளுக்கு விளக்கினேன். சொட்டும் நீர் காற்றில் கலக்கிறது, காற்று கனக்கிறது, கனத்த காற்றை இழுத்து இழுத்து ஏசி களைத்துப்போகிறது. அவள் புருவத்தை உயர்த்திக்கொண்டு கேட்டாள். “இவ்ளோ இருக்கா இதுல?” என்றாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். நான்கு மாதமாகப் பிளம்பருக்காகக் காத்திருந்த குழாய் அரை மணியில் வாயை மூடியது.

பத்தாவது, உபயோகிப்பவர் குளித்துவிட்டு வரவும். உடல் வெப்பம். இதில் கேட்க ஒன்றுமில்லை.

குளித்துவிட்டு வந்தபோது மணி நான்கு. அறை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் ரிமோட்டை என் கையில் கொடுத்தாள்.

“பதினொண்ணு. கடைசி. ரிமோட்டில் காற்றாடிப் படம் தெரிந்தால், நட்சத்திரப் படம் வரும் வரை நடுவில் உள்ள பட்டனை அழுத்தவும்.”

“என்ன படம் தெரியுது?”

“காற்றாடி.”

அழுத்தினேன். அவள் எட்டிப் பார்த்து, “இன்னொரு தடவை,” என்றாள். அழுத்தினேன். “நட்சத்திரம்.”

வெளியே யூனிட் ஒரு தடவை உறுமியது. சற்று நேரத்தில் என் ஈரத்தலையில் குளிர் இறங்கியது. நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு சின்ன நெருடல் இருந்தது. “பட்டனால மட்டும்தான் சரியாச்சோ?”

“நல்லா இருக்கே. பில்டர் அப்படியே இருந்திருந்தா பட்டன் என்ன பண்ணும்? குழாய் சொட்டிட்டிருந்தா?”

நியாயம். பத்துப் படி ஏறியவனுக்குத்தான் பதினோராவது படி. தலையணை உறை மாற்றும்போது என் கண்ணாடியும் கிடைத்தது. உறைக்குள் எப்படிப் போனது என்று இருவரும் வியந்தோம்.

மறுநாள் படியில் சர்வேயரைச் சந்தித்தேன். அவர் வாயைத் திறக்கும் முன் நான் திறந்தேன்.

“ஏசி நின்னுபோச்சு சார் நேத்து.”

“ஐயோ சுவிட்ச். மெக்கானிக் வந்தானா?”

“எதுக்கு? நானே பார்த்துட்டேன். பதினோரு கட்டம். ஈரப்பதம், மின்னழுத்தம், காற்றோட்டம். கடைசிக் கட்டம் கொஞ்சம் டெக்னிக்கல்.”

அவர் என்னை மேலிருந்து கீழாக அளந்தார். இந்தத் தடவை அளவு கூடியிருந்தது. மாலையில் திரும்பியபோது, “வாங்க என்ஜினியர்,” என்றார். பால்காரன் புதன்கிழமைக்குள் மாறினான். குழந்தைகள் வெள்ளிக்கிழமை. ஒரு வாரம் நான் படிகளில் மெதுவாகத்தான் இறங்கினேன், எல்லோரும் கூப்பிடட்டும் என்று.

சனிக்கிழமை மதியம் சர்வேயரின் மனைவி மாடிக்கு வந்தார். நான் உள்ளறையில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தேன். நான் இழைத்த கதவு லேசாகத் திறந்திருந்தது. பழைய கதவாக இருந்தால் முனகி, நான் அங்கே இருப்பதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

“எங்க வீட்டு ஏசியும் குளிரலம்மா. உங்க ஏசி மாதிரியேதான் எங்களோடதும். என்ஜினியர் செஞ்ச மாதிரி நானும் செய்வேன், புத்தகத்தை வாங்கிட்டு வான்னு குதிக்கறார்.”

“தாராளமா. உங்க வீட்ல என்னென்ன வேலை நிக்குது அக்கா?”

“எதைச் சொல்ல? பரண் இருக்கு. கொசுவலை ஜன்னல் இருக்கு. அவரோட பழைய வரைபடச் சுருள் ஒரு அறை பூரா இருக்கு.”

“அப்போ பதினாலு பதினஞ்சு வரும்,” என்றாள் என் மனைவி. “புத்தகத்தை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பறேன். நீங்க முன்னாடி போய், உங்க வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்து ஒளிச்சு வெச்சிடுங்க.”

சர்வேயரின் மனைவி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையிலிருந்த கையேட்டைப் பிரித்தேன்.

பழுது பார்ப்பவரை அழைக்கும் முன். அதன் கீழே நான்கு வரிகள். பில்டரைச் சுத்தம் செய்யவும், இரண்டாவது. வெளி யூனிட்டின் முன் தடை வேண்டாம், மூன்றாவது. கதவு, ஜன்னல்களை மூடவும், நான்காவது. வீட்டிலுள்ள ஆண் ஒருவர் என்ற பேச்சே எங்கும் இல்லை. முதல் வரி, ரிமோட்டில் குளிரைக் குறிக்கும் நட்சத்திரப் படம் இருக்கிறதா எனப் பார்க்கவும்.

அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை.

சமையலறை வாசலுக்குப் போனேன். விளக்கு மினுக்காமல் எரிந்தது. அதன் கீழே அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்ல என்னிடம் ஏழு வாக்கியங்கள் இருந்தன. அதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது.

“என்ஜினியர், புத்தகம் எங்கே?”

சர்வேயர் அந்த முதல் வரியைப் படித்துவிட்டால் போதும். அன்று மாலைக்குள் நான் பட்டன். ஆயுசுக்கும் பட்டன். பட்டன் மாமா.

“கூப்பிடறார் பாருங்க,” என்றாள் மனைவி, தலை நிமிராமல். “குடுத்துட்டு வந்துடுங்க. பத்திரமா குடுங்க.”

கீழே போனேன். சர்வேயர் பனியனோடு ஸ்டூல்மேல் தயாராக நின்றார். கையில் ஒரு டார்ச் விளக்கு. ஏசி ஒரு நிலமாக இருந்தால் இதற்குள் அளந்து முடித்திருப்பார்.

“பாருங்க என்ஜினியர், கண்ணாடியைக் காணோம். இப்போ இங்கேதான் வெச்சேன். கொஞ்சம் பொறுங்க, தேடி எடுத்துடறேன். நான் எதையும் என் கண்ணால பார்த்துத்தான் நம்புவேன்.”

“நான் படிக்கறேனே,” என்றார் அவர் மனைவி. குரல் சற்று நடுங்கியது. பழக்கமில்லை, பாவம்.

“அதுவும் சரிதான் சார்,” என்றேன். “அக்கா படிக்கட்டும். நீங்க மேலேயே நில்லுங்க. இதை வீட்டிலுள்ள ஆண் செய்யறதுதான் பாதுகாப்பு. தடியான எழுத்துல போட்டிருக்கு.”

“அப்படியா?” என்று சர்வேயர் நெஞ்சை நிமிர்த்தினார்.

கையேட்டை அவரிடம் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி அவர் மனைவியிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் அதைப் பிரித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “ஒன்று,” என்றார். “பரணில் உள்ள பொருட்கள் அனைத்தையும் கீழே இறக்கவும்.”

சர்வேயர் பரணை நோக்கித் திரும்பினார். மேஜைமேல் அன்றைய நாளிதழ் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாளிதழை ஒரு விரற்கடை இழுத்து அதன்மேல் விட்டேன்.