பேர் போடாத கோல்

பில்லியர்ட்ஸ் கோலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கரியப்பன் சாவகாசமாக ஒரு பீடியைப் பற்ற வைத்தான். அவனுக்கு மர டிப்போவில் வேலை. எதையும் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் என்ன மரமென்று தெரிந்துவிடும், மரம் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் செய்தவன் தெரிவான் என்பது அவன் கட்சி. பக்கத்தில் நின்ற சூசைநாதனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பயந்துபோயிருக்கிறவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

சூசைநாதன் மைசூரில் ஒரு கிளப்பில் மார்க்கர். பெரிய மனிதர்கள் பில்லியர்ட்ஸ் ஆடும்போது பாயிண்ட் எண்ண வேண்டும், பந்தை எடுத்து வைக்க வேண்டும், யார் தப்பாக அடித்தாலும் "மேஜை கொஞ்சம் சாய்வு சார்" என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன். நாடு சுதந்திரம் வாங்கி, குடியரசும் ஆகி, ஓட்டுப்போட்டு சர்க்காரும் அமைத்தாயிற்று. அவன் மட்டும் இன்னும் டெம்பரவரி. வேலை நிரந்தரமானால் கிளப்புக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஒழுகாத கூரையின் கீழ் ஒரு மழைக்காலமாவது தூங்க வேண்டும் என்பது அவன் மனைவி விக்டோரியாவின் ஆசை.

அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் புதுச் செக்ரட்டரி நஞ்சுண்டசாமி. அவர்தான் அந்தக் கோலைக் கொண்டுவந்து நீட்டினார். வழவழவென்று கறுத்த பிடி. எங்கே தடவிப் பார்த்தாலும் செய்தவன் பேர் இல்லை.

"இது யார் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லப்பா. சனிக்கிழமை கமிட்டி. உன் வேலை விஷயமும் அன்னிக்குத்தான் வருது" என்றார்.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அவர் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. கோல் ஏது என்று கேட்கச் சூசைநாதனுக்குத் தைரியமில்லை. குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை யாராவது விட்டுப்போனதாயிருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். கிளப்பில் விசாரித்துப் பார்த்தான். ஒருவர் லண்டன் என்றார், ஒருவர் கல்கத்தா என்றார். ரிட்டையரான ஜட்ஜ் ஒருவர் அது தன்னுடைய கோல்தான், காணாமல் போய் வெகுநாளாயிற்று என்று சொல்லி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதைத் திரும்பப் பிடுங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அதன் பிறகுதான் தண்ணீர்த் தொட்டி. காலையில் பார்த்தால் கோல் ஒரு முனை மூழ்கி, மறுமுனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. "மேல ஒரு மரம், கீழ ஒரு மரம்" என்று கரியப்பன் தீர்ப்பு சொன்னான். எந்த ஊர் என்று கேட்டதற்கு, அதற்கு இன்னும் ரெண்டு நாள் ஊற வேண்டும் என்றான். வெளியே எடுத்த கோல் புடலங்காய் மாதிரி வளைந்திருந்தது.

வளைவை எடுக்க லிங்கப்பனின் பட்டறைக்கு ஓடினான் சூசைநாதன். ஈட்டி மரத்தில் யானையும் மயிலும் பதிக்கிற கை லிங்கப்பனுக்கு. கோலில் எண்ணெய் தடவி நெருப்பில் வாட்டினான். வளைவு போயிற்று. கூடவே பாலிஷும் போயிற்று, முனையிலிருந்த தோலும் போயிற்று. பாவமென்று நினைத்தானோ என்னவோ, நல்ல தொழில்காரன் பேரை வெளியே போடமாட்டான், இணைப்புக்கு உள்ளேதான் போடுவான் என்று சொல்லி ஒரே ஒரு தட்டு தட்டினான்.

உள்ளேயும் பேர் இல்லை. கோல் மட்டும் இரண்டாயிற்று.

வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்தான். முனை மேற்கே பார்த்தால் பிடி தென்மேற்கே பார்த்தது. சூசைநாதன் நேரே கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினான். தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர், தொலைந்துபோன பேரையும் கண்டுபிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, கோலையும் பீடத்தில் சாய்த்து வைத்தான். அது சரிந்து விழுந்து இன்னும் ஒரு சில்லு பெயர்ந்தது.

வீட்டுக்கு வந்து அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். விக்டோரியா ஆஸ்பத்திரி நர்ஸ். எதற்கும் கலங்கமாட்டாள்.

"கொண்டுவரும்போதே கேஸ் மோசம்னு சொல்லிருங்க" என்றாள். "செஞ்சவன் மேல பழியைப் போடுங்க. அவன் யாருன்னுதான் யாருக்கும் தெரியாதே. சண்டைக்கா வரப்போறான்?"

சனிக்கிழமை காலை, செக்ரட்டரி வீட்டுக் கூடத்தில் கோலைத் துணியிலிருந்து பிரித்து வைத்தான். நஞ்சுண்டசாமி அதைக் கையிலெடுத்து, ஒட்டின இடத்தை விரலால் தடவினார்.

"யார் செஞ்சது?" என்றார்.

சூசைநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். பேர் தெரியவில்லை, ஆனால் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டது என்றான். காயாத மரத்தில் செய்திருக்கிறான், தொட்டதும் வளைந்துவிட்டது. பசை காய்ச்சத் தெரியாது, தானாகப் பிரிந்துவிட்டது. இவன் தச்சனே இல்லை.

"அப்புறம்?" என்றார் அவர்.

அந்த "அப்புறம்" சூசைநாதனுக்குத் தெம்பு கொடுத்தது. சமையல் அறையில் பாத்திரச் சத்தம் நின்று யாரோ காது கொடுப்பது போலிருந்ததும் தெம்பாகத்தான் இருந்தது. நல்லபடியாகப் போகிறது, குவார்ட்டர்ஸ் கிடைத்த மாதிரிதான் என்று தோன்றியது.

"நிதானம் கிடையாது சார். எல்லாம் தெரியும்னு நெனப்பு, ஒண்ணும் தெரியாது. யார் சொன்னாலும் கேக்கமாட்டான். இவனைக் கட்டிக்கிட்டவ பாவம் சார்."

உள்ளேயிருந்து செக்ரட்டரியின் மனைவி சுலோசனா காப்பியோடு வந்தாள். கொள்ளேகாலத்துப் பக்கத்துப் பெண். டம்ளரைச் சூசைநாதன் கையிலேயே கொடுத்து, கூடப்பிறந்தவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"அத்தனையும் நெசந்தானுங்க தம்பி. நானும் இதையேதான் தெனமும் சொல்லிப்பார்த்தேன், காதுலயே வாங்காம இவரு ஆறு மாசமா ஊட்டுப் பொறவடை ஷெட்டுல உக்காந்து செஞ்சு முடிச்சுப்போட்டாருங்க."