பகல் ஷிப்டுக்கு ஒரு மனு

இனிமேல் ராத்திரி ஷிப்ட் போவதில்லை என்று பால்சாமி சபதம் எடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, ஆடி மாதத்தில். எடுத்த இடம், ராஜபாளையத்தில் அவன் வேலை பார்த்த நூல் மில்லின் நோட்டீஸ் போர்டு.

தொழிலாளர் நலப் பிரிவு அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனைத் தன் கையால் பராமரிக்கும் தொழிலாளிக்கு, ஒரு வருஷத்துக்கு நிரந்தரப் பகல் ஷிப்ட். மாசம் இரண்டு நாள் லீவு. சக்கர நாற்காலி ஒன்று இரவல். பால்சாமி மூன்று தடவை படித்தான். 'தன் கையால்' என்ற வார்த்தையை மட்டும் மூன்று தடவையும் தாண்டிப் போனான்.

அவனுடைய அப்பா வீரணன் தை மாசம் பக்கவாதத்தில் விழுந்தவர். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் குழறிவிட்டது. ஆறு மாசமாக அவரைத் துடைத்தது, ஊட்டியது, பீ மூத்திரம் அள்ளியது எல்லாம் பால்சாமியின் மனைவி வெள்ளத்தாய். பால்சாமி செய்தது, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "அய்யா, வாரேன்" என்று சொன்னது. அதையும் சில நாள் மறந்துவிடுவான்.

பகல் ஷிப்ட் என்றால் நாலு மணிக்கு வெளியே வந்துவிடலாம். சாயங்காலம் மைதானத்தில் பேஸ்கட்பால் நடக்கும். பால்சாமிக்கு ஆடத் தெரியாது. ஆடுகிறவர்களைத் திருத்தத் தெரியும். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் அந்த ஊழியம் பாதி நாள் தடைப்பட்டுக் கிடந்தது.

வெள்ளத்தாய் எட்டாம் வகுப்பு படித்தவள். எழுத்து அச்சுப் போல இருக்கும்.

"ஏட்டி, ஒரு மனு எழுதணும். நான் சொல்லச் சொல்ல எழுது. என் தகப்பனாரை நானே என் கையால பராமரிச்சு வாரேன்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "எழுதிட்டேன். எப்படிப் பராமரிக்கீக? அதைச் சொன்னாத்தானே நம்புவாக."

"குளிப்பாட்டுறேன்னு போடு."

"தெனமும் குளிப்பாட்ட முடியாது. வெந்நீர்ல துணி நனைச்சுத் துடைக்கணும். பொறவு சட்டை. வராத கைக்குத்தான் மொதல்ல மாட்டணும். கழட்டுறப்ப நல்ல கையை மொதல்ல கழட்டணும். எழுதிக்கிடவா?"

"எழுது."

"எத்தனை மணிக்கொருக்கத் திருப்பிப் படுக்க வைக்கீக?"

பால்சாமி மேலே ஃபேனைப் பார்த்தான்.

"ரெண்டு மணிக்கொருக்க," என்று அவளே சொல்லி எழுதினாள். "இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். கஞ்சியை உக்கார வச்சுத்தான் குடுக்கணும். படுக்கப் போட்டுக் குடுத்தா பொறையேறும்."

மனு நாலு பக்கம் ஓடியது. கடைசியில் பால்சாமி கையெழுத்துப் போட்டான். எழுத்து அவளுடையது, கை மட்டும்தான் அவனுடையது.

அடுத்த சனிக்கிழமை காலையில் நலப் பிரிவு அதிகாரி ஜெய்னுலாப்தீன் நேரில் விசாரிக்க வீட்டுக்கு வந்தார்.

"பெரியவரை யாரும்மா பாத்துக்கிடுறது?"

"அவியதான் சார். எல்லாம் மனுவுல எழுதியிருக்காகளே. நான் கஞ்சி காய்ச்சுறதோட சரி," என்றாள் வெள்ளத்தாய்.

பால்சாமிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்?

"நல்லது," என்றார் ஜெய்னுலாப்தீன். "பால்சாமி, அப்பாவை ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. பாத்துட்டுப் போறேன்."

பால்சாமி போய் வராத கையைப் பிடித்து இழுத்தான். வீரணன் வலியில் முனகினார். அவர் கண் மருமகளைத் தேடியது. அவள் டம்ளரைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தாள். துடைக்கிற கை மட்டும் நின்றுபோயிருந்தது.

ஜெய்னுலாப்தீன் எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அனுமதி உண்டு. பாத்துக்கிடுற ஆளு, வார லீவுதானே, சனிக்கிழமைதோறும் பெரியவரைக் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கை கால் பயிற்சி சொல்லிக் குடுப்பாக. நானும் அப்பப்ப வந்து பாப்பேன்."

அவர் தலை மறைந்ததும் பால்சாமி மனைவியிடம் திரும்பினான். "இப்ப என்னட்டி செய்ய?"

"மனு பொய்னு தெரிஞ்சா வேலை போயிரும். செய்ங்க. நான் சொல்லித் தாரேன்."

பொய் எழுதப் போய் மெய் கழுவும்படி ஆயிற்று.

முதல் நாள் வெந்நீரோடு போய் உட்கார்ந்தபோது, வீரணன் இடது கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அய்யா, நான்தான்."

"அதான்," என்று குழறினார் அவர். கண்ணிலிருந்து நீர் ஒழுகியது.

பால்சாமி துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தான். வேட்டியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகத் தளர்ந்த பிறகு மெதுவாகத் துடைத்தான். இடுப்புக்குக் கீழே ஒரு தழும்பு, எலுமிச்சம்பழம் அகலத்துக்கு ஆறிக் கறுத்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"பங்குனியில," என்றாள் வெள்ளத்தாய். "ஒரு மாசம் மருந்து போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொன்னேன். நீங்க ஆட்டத்துல யாரு தோத்தான்னு சொல்லிக்கிட்டிருந்தீக."

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் பாயை விரித்துப் படுத்தாள். படுத்தவுடன் தூங்கிவிட்டாள். அந்த நேரத்தில் அவள் தூங்கிப் பால்சாமி பார்த்ததில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கியது. அவளை எழுப்பாமல் அவனே போய் இறக்கினான்.

சனிக்கிழமைதோறும் அப்பாவைத் தூக்கி பஸ்ஸில் உட்கார வைத்து, இரவல் சக்கர நாற்காலியை மடக்கிக் கூரையில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தான். கண்டக்டர்கள் அவனுக்குப் பழக்கமானார்கள். கார்த்திகையில் வீரணன் சாயாமல் தனியாக உட்கார்ந்தார். ஒருநாள் நாற்காலியை மைதானத்துக்கே தள்ளிக்கொண்டு போனான். கால் மணி நேரம் ஆட்டத்தைப் பார்த்த பெரியவர், "தப்பாப் போடுதான்," என்று தெளிவாகச் சொன்னார். அவருக்கு மகனாகப் பிறந்ததற்குப் பால்சாமி பெருமைப்பட்டான்.

மாசக் கடைசி இரண்டு நாளும் மறு மாச முதல் இரண்டு நாளும் பால்சாமி லீவு போட, வெள்ளத்தாய் மகாராஜபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பால்சாமிக்குத்தான் உள்ளே குத்தியது. இவள் ஆறு மாசம் பட்ட பாட்டுக்கு அல்லவா நான் கையெழுத்துப் போட்டேன்?

மறு ஆடி வந்தது. வருஷம் முடிந்தது. பால்சாமி ராவெல்லாம் யோசித்துத் தன் கையாலேயே ஒரு தாள் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜெய்னுலாப்தீன் முன்னால் போய் நின்றான்.

"சார், போன வருஷம் நான் குடுத்த மனு பொய். அதுல ஒரு வரிகூட நான் செஞ்சதில்லை. அம்புட்டும் எம்பொண்டாட்டி செஞ்சது. என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

ஜெய்னுலாப்தீன் ஃபைலைத் திறந்தார். அவன் மனுவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். அதே அச்சு எழுத்து. தேதி, மனுவுக்குப் பத்து நாள் முந்தியது.

'ஐயா, நான் ஸ்பின்னிங் பிரிவு பால்சாமியின் மனைவி. மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு மில்லில் ஏதாவது உதவி உண்டா என்று கேட்டேன். தொழிலாளிக்குத்தான் உண்டு என்றீர்கள். அந்த விதியைப் போர்டில் ஒட்டவும். அவர் மனுக் கொடுப்பார். அதில் உள்ளது எல்லாம் பொய்யாக இருக்கும். தள்ளிவிட வேண்டாம். வீட்டுக்கு வந்து செய்து காட்டச் சொல்லவும்.'

பால்சாமி இரண்டு தடவை படித்தான். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் தாண்டவில்லை. பிறகு பையிலிருந்த தாளை எடுத்தான்.

"இது உண்மை மனு சார். இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்டு நானே எழுதினது."

"அது எதுக்கு?" என்றார் ஜெய்னுலாப்தீன், அதே அச்சு எழுத்தில் இன்னொரு தாளை நீட்டி. "உங்க மனு நேத்தே வந்துருச்சு. கையெழுத்து மட்டும் போடுங்க."