சோரிவ்கா என்று எழுதியிருந்த ஊர்

கெல்டன்,
அறுவடை விருந்துகள் எல்லாம் ஓய்ந்து முதல் ஞாயிறு.

அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

உன் அண்ணன் ஓரெஸ்ட் தன் கைப்பட எழுதுவது. இங்கு நானும் என் வண்டியும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளை பெர்னியும் அவருடைய முழங்காலும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். போன குளிர்காலம் முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து இது. ஒரு பக்கம் முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகிறது. ஆகையால் வேகமாகப் படித்துத் தள்ளிவிடாமல், எழுதிய மரியாதைக்காவது மெதுவாகப் படி.

ஈஸ்டர் அன்று போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அங்க என்னண்ணா இருக்கு? மேல வானம், கீழ வயலு. பாக்க ஒண்ணுமில்லாத ஊர்ல தனியா உக்காந்து என்ன பண்றே? வீட்ட வித்துட்டு வான்கூவருக்கு வந்துரு, மாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்றாய். பனி விழுவதற்குள் சுற்றுப்பட்டு ஊர்களைப் பார்த்துவிட்டு, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நானே எழுதி அனுப்பினால் இனி வீட்டை விற்கும் பேச்சை எடுக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்தாய். இவன் எங்கே எழுதப்போகிறான் என்ற தைரியம்தானே? இதோ எழுதிவிட்டேன். மாடி அறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

முதலில் டாரோவில் இருக்கும் ராட்சத வாத்துச் சிலையைப் பார்க்கப் போனேன். சின்ன வயதிலிருந்து போய்வந்த சாலைதான், ஆனால் இப்போது ஒவ்வொரு பலகையும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. 'முட்டை கிடைக்கும்.' 'கிணறு தோண்டப்படும்.' 'இயேசு வருகிறார், தயாரா?' எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனதில், எதிரே வந்த கார்டி மக்ரேக்கு ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரல் தூக்க மறந்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் எதிரே வருபவனுக்கு விரல் தூக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நான் டாரோ காப்பிக்கடைக்குள் நுழைவதற்கு முன்பே செய்தி நுழைந்துவிட்டது.

"ஓரெஸ்டு, உனக்குப் பக்கவாதமாமே?" என்றாள் கடைக்காரி.

"எவன் சொன்னான்?"

"கார்டி போன் பண்ணினான். விரலே தூக்கலயாம். வாய் மட்டும் தனியா அசைஞ்சுதாம்."

"படிச்சிட்டு வந்தேம்மா!"

"வண்டி ஓட்டிக்கிட்டா? அதுக்குப் பக்கவாதமே தேவலை."

திரும்பி வரும்போது வேலிக் கம்பங்களுக்குக்கூட விரல் தூக்கிக்கொண்டே வந்தேன். வாத்தைச் சொல்ல மறந்தேனே. அது மேட்டின் மேல் கம்பீரமாக நின்றது, தலை மட்டும் இல்லை. தலையைக் கழற்றி வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் விடவில்லை, பட்டறைக்கே போய்த் தலையையும் பார்த்தேன். அலகைத் தொட்டேன். வான்கூவரில் எந்தச் சிலையாவது இப்படிப் பழகுமா?

அடுத்து சோரிவ்கா. அப்பாவின் சொந்தக்காரர்கள் குடியேறிய ஊர், அங்கே ராட்சதப் பூண்டு ஒன்று இருக்கிறது, அன்று தேவாலயத்தில் அறுவடை விருந்து வேறு. அந்தப் பக்கம் நான் போனதில்லை. முன்பென்றால் வழிநெடுக நின்று கேட்டுக்கொண்டு போயிருப்பேன். இப்போது எதற்கு? எந்த ஊரானாலும் தானியம் சேர்த்துவைக்கும் கோபுரத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்குமே! தூரத்தில் ஒரு மரக் கோபுரம் தெரிந்தது. கண்ணைச் சுருக்கி எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். சோரிவ்கா. வண்டிக்குள் தனியாகக் கைதட்டிக்கொண்டேன் தெக்லா. பெரிய சாலையை விட்டிறங்கி, வயலுக்கு நடுவே சரளைச் சாலையில் கோபுரத்தை நோக்கியே ஓட்டி, நேராகத் தேவாலயத்தின் நிலவறையில் போய் நின்றேன்.

தட்டில் வந்து விழுந்தது ஒரு மீன். மீன் என்று அவர்கள்தான் சொன்னார்கள். சாம்பல் கரைத்த காரநீரில் நாள்கணக்காக ஊறிக் கண்ணாடிபோல் தளதளவென்று ஆடியது. ஏதோ புது வழக்கம் போலிருக்கிறது, நம் வீட்டு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பின்னால் வரும் என்று நினைத்து, பரிமாறிய அம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பெரோகி எப்ப வரும்மா?"

"பெரோகியா? நாங்க நார்வேக்காரங்க பெரியவரே. இது மெல்பி."

"இல்லம்மா. இது சோரிவ்கா."

மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நான் பொறந்து, கல்யாணம் கட்டி, வீட்டுக்காரரப் பொதச்சது எல்லாம் இங்கதான்" என்றாள் அவள். "மெல்பின்னுதான் சொல்லிட்டிருக்கோம்."

"தப்பாச் சொல்லிட்டிருக்கீங்க. வெளிய வந்து பாருங்க, எழுதியிருக்கு. நானே படிச்சேன்!"

கரண்டியோடு வெளியே வந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள் பார், சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அது சோரிவ்காக்காரங்களோட பழைய கோபுரமய்யா! இடிக்கப் போறோம்னாங்க, நாங்க வாங்கிச் சக்கரம் கட்டி இழுத்துட்டு வந்துட்டோம். பேர அழிக்கணும் அழிக்கணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டே இருந்தாரு, போயும் சேந்துட்டாரு."

"அப்ப ஊருக்கு வர்றவன் ஏமாற மாட்டானா?"

"அதப் படிச்சிட்டு எவன்யா வருவான்? எல்லாரும் வழி கேட்டுட்டுத்தான் வருவாங்க."

அவள் பெயர் சிக்ரிட். தோற்றவன் போலத் திரும்புவது எனக்குப் பழக்கமில்லை. உள்ளே போய் அந்த மீனைச் சாப்பிட்டேன். அவள் ஊற்றிய வெண்ணெயில் அது ஒருவாறு இறங்கியது. மறுபடியும் கேட்டு வாங்கினேன். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு என்மேல் மரியாதை வந்ததாம், மெல்பிக்காரர்களே மறுபடி கேட்பதில்லையாம். விருந்து முடிந்ததும் ஊரின் முள்கம்பி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள், சாவி அவளுடைய ஏப்ரனிலேயே இருந்தது. சுவர் முழுக்க முள்கம்பி. நம் அப்பா வேலி கட்டிய அதே இரட்டை முள், உன் மஞ்சள் கவுனைக் கிழித்த முள், கண்ணாடிக்குள் ராஜ கிரீடம் மாதிரி வைத்திருக்கிறார்கள்! பார்க்க ஒன்றுமில்லையா இங்கே?

"நிஜ சோரிவ்காவக் காட்டறேன், இல்லன்னா நீங்க படிச்சுப் படிச்சு அமெரிக்காவுக்கே போயிருவீங்க" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். வழியில் ஒரு பலகை. அவளுக்கு முன்னால் தடுமாறக்கூடாதே என்று ஒரே மூச்சில் படித்தேன்: 'சாலை மூடப்பட்டுள்ளது.' திக்காமல் படித்துவிட்ட சந்தோஷத்தில் நேராக ஓட்டினேன். அச்சு வரைக்கும் சேறு.

"நல்லாப் படிச்சீங்க" என்றாள் சிக்ரிட். "கடைசில என்ன போட்டிருந்துச்சு?"

டிராக்டர் வரும் வரைக்கும் சேற்றுக்கு நடுவே வண்டிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அருமையான இடம், நாலு பக்கமும் தொடுவானம். பூண்டையும் பார்த்தோம். அதன் ஒரு பல் உயரம்கூடச் சிக்ரிட் இல்லை. பிறகு பெரோகி வாங்கிக்கொடுத்தேன். புளிப்புப் பாலேடு வழிய வழியச் சாப்பிட்டாள், நம் வீட்டுப் பெண் மாதிரியே. அதற்குப் பிறகு ராட்சதக் கத்தரிக்கோல், இரண்டு தலைக் கன்றுக்குட்டி, உலகத்திலேயே பெரிய பால்கேன் (பக்கத்து ஊரிலும் அதையேதான் சொல்கிறார்கள்) எல்லாவற்றையும் அவளோடுதான் பார்த்தேன். பலகைகளை நான் படிப்பேன், வழியை அவள் சொல்வாள்.

ஆகவே தெக்லா, வழக்கு முடிந்தது. இந்த வீட்டில் பிறந்தேன், இந்த வீட்டைவிட்டு என்னை டிராக்டர் கட்டி இழுத்தாலும் நகர மாட்டேன். வீடு விற்கும் தரகன் எவனையும் இந்தப் பக்கம் அனுப்பாதே.

உங்கள் ஊர் மழை சற்று ஓயட்டும், பெர்னியின் முழங்கால் மாடிப்படியை மன்னிக்கட்டும், உன் சமையலறையில் பூண்டு குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
எங்கும் நகராத உன் அண்ணன்,
ஓரெஸ்ட் பாவ்லுக்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடிக்க நெடுநாள் ஆகிவிட்டது, அதற்குள் சில மாறுதல்கள். அந்தத் தரகனை உடனே அனுப்பு. "உங்க வீட்டு ஜன்னல்ல என்ன தெரியும்?" என்று சிக்ரிட் கேட்டாள். கோதுமை என்றேன். "எங்க வீட்டு ஜன்னல்ல கோபுரம் தெரியும். தினமும் படிக்கலாம்" என்றாள். அப்போதே சரி என்றுவிட்டேன். பெயரை அழிக்க ஏணி வைக்கிறோம் என்று மெல்பியில் கிளம்பினார்கள், நான் விடவில்லை. பனிக்கு முன்பே கல்யாணம், நீயும் மாப்பிள்ளையும் வர வேண்டும். வரும்போது யாரிடமும் வழி கேட்காதே. சோரிவ்கா என்று எழுதியிருக்கும் இடத்தில் இறங்கு. அது சோரிவ்கா இல்லை. நான் அங்கேதான் இருப்பேன்.